மருந்துச் செலவும் சிக்கனப் போதனையும்

அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கிலிருந்து வெளியேறும் நோயாளியின் கையில் இன்று பெரும்பாலும் இரண்டு பொருள்களைக் காணலாம். ஒன்று, வைத்தியசாலை மருந்தகத்தில் இலவசமாகக் கிடைத்த குளிசைப் பொதி. மற்றையது, அங்கு கையிருப்பில் இல்லாத மருந்துகளை வெளியில் வாங்கிக்கொள்ளுமாறு எழுதிக் கொடுக்கப்பட்ட துண்டு. பொதி சிறுத்து வருகிறது. துண்டு நீண்டு வருகிறது. அத்துண்டுடன் பாமசியின் முன் நிற்கும் மனிதன் முதலில் கேட்பது மருந்தைப் பற்றியன்று. மொத்தம் எவ்வளவு வரும் என்பதையே கேட்கிறான். தொகையைக் கேட்டதும் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறான். ஒரு மாதத்துக்கென எழுதப்பட்ட மருந்தில் ஐந்து நாளைக்கு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். இலங்கையின் எந்த நகரத்திலும், எந்தத் தோட்டப்புறத்துச் சந்தியிலும் நாளாந்தம் காணக்கூடிய காட்சி இது.

இம்மனிதனை நோக்கியே இப்போது சிக்கனப் போதனைகள் செய்யப்படுகின்றன. மருந்துச் செலவைக் குறைக்கும் வழிகள் என்று பத்திரிகைகள் பட்டியலிடுகின்றன. விலைகளை ஒப்பிட்டு வாங்குக என்கின்றன. வீண் மருந்துகளைத் தவிர்க்க என்கின்றன. இவ்வறிவுரைகளுட் சில பயனுள்ளவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், மருந்துச் செலவு நோயாளியின் ஊதாரித்தனத்தால் விளைந்தது போலவும், அவன் சற்று விழிப்பாக இருந்தால் அது தீர்ந்துவிடும் போலவும் எழுப்பப்படும் தோற்றம் பொய்யானது. சந்தையில் விற்கப்படும் ஏனைய பண்டங்களினின்றும் மருந்து அடிப்படையில் வேறுபட்டது. அரிசி வாங்குபவன் எந்த அரிசி வேண்டும் எனத் தானே தீர்மானிக்கிறான். மருந்தைப் பொறுத்தவரை தீர்மானிப்பவர் வைத்தியர், விற்பவர் வணிகர், விலை குறிப்பது கம்பனி, பணம் கொடுப்பவன் மாத்திரமே நோயாளி. தெரிவில் எவ்விதப் பங்கும் இல்லாதவனிடம் சிக்கனமாகத் தெரிவு செய் என்று கூறுவது என்ன நியாயம்?

நோயாளியின் கையில் உள்ள ஒரேயொரு சிக்கனம், மருந்தைக் குறைத்து உட்கொள்வதுதான். அதனையே அவன் செய்கிறான். நீரிழிவுக்கு நாளொன்றுக்கு இரு தடவை எடுக்கவேண்டிய மெற்போமினை ஒரு தடவையாக்குகிறான். குருதி அழுத்தத்துக்குரிய குளிசையைத் தலை சுற்றும் நாட்களில் மட்டும் விழுங்குகிறான். அன்ரிபயோற்றிக் மருந்தைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தி, எஞ்சியதை அடுத்த பிள்ளைக்கென எடுத்து வைக்கிறான். இச்சிக்கனத்தின் கணக்கு சில ஆண்டுகளின் பின்னர் வருகிறது. சிறுநீரகம் பழுதாகிறது, பாரிசவாதம் வருகிறது, கிருமிகள் மருந்துக்குப் பணியாதவையாக மாறுகின்றன. குளிசையில் மிச்சம் பிடித்த பணத்தினும் பன்மடங்கு, குருதிச் சுத்திகரிப்புக்கும் சத்திரசிகிச்சைக்கும் செலவாகிறது. குடும்பம் கடன்படுகிறது, அரசின் செலவும் பெருகுகிறது.

இவ்விடத்தில் மற்றொரு வாதம் தலைநீட்டுகிறது. இலவசமாகக் கொடுப்பதால்தான் மக்கள் மருந்தின் அருமையை உணர்கிறார்களில்லை. ஆகவே சிறு கட்டணமொன்றை அறவிட்டால் வீண்விரயம் குறையும், அரசுக்கும் வருமானம் கிடைக்கும் என்பது அவ்வாதம். பொருளாதார நெருக்கடி தோன்றும்போதெல்லாம் இது புதிய கண்டுபிடிப்புப் போல முன்வைக்கப்படுகிறது. இது புதியதன்று. 1971இல் இந்நாட்டிலேயே வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை கொண்டுவரப்பட்டது. கட்டணம் சிறிதெனினும் வைத்தியசாலைக்கு வருவோர் தொகை குறைந்தது. 1977இல் அம்முறை கைவிடப்பட்டது. தேவையற்று வந்தவர்கள் மாத்திரம் நின்றுவிட்டார்கள், தேவையுடையோர் தொடர்ந்து வந்தார்கள் என்று எவராலும் நிறுவ முடியுமா? இருபத்தைந்து சதம் நோயின் கடுமையை அளப்பதில்லை. வறுமையின் கடுமையையே அளக்கிறது.

பிரித்தானியாவின் அனுபவமும் இதனையே கூறுகிறது. அங்கு 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கப்பட்டபோது மருந்துகள் முற்றாக இலவசமாக இருந்தன. பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிகளுக்கும் கட்டணம் விதிக்க 1951இல் முடிவானபோது, அச்சேவையை உருவாக்கிய ஆணுரின் பெவன் அமைச்சுப் பதவியைத் துறந்தார். 1952இல் மருந்துச் சிட்டைக்கும் ஒரு சிலிங் கட்டணம் வந்தது. 1965இல் அது நீக்கப்பட்டது. 1968இல் மீண்டும் விதிக்கப்பட்டது. பின்னர் வேல்ஸ் 2007இலும், வட அயர்லாந்து 2010இலும், ஸ்கொத்லாந்து 2011இலும் அக்கட்டணத்தை ஒழித்துவிட்டன. இங்கிலாந்து மாத்திரம் அதனைக் கைவிடவில்லை. 2024 மே மாதம் அங்கு மருந்தொன்றுக்கு 9.90 பவுண் என்றாயிற்று. ஆயினும் அங்கு வழங்கப்படும் மருந்துகளிற் பத்தில் ஏறக்குறைய ஒன்பது, முதியோர், சிறுவர், வறியோர் எனும் விலக்குகளின் கீழ் கட்டணமின்றியே செல்கின்றன. எஞ்சியோரிடம் அறவிடுவதற்காக எத்துணை விலக்குகள், எத்துணை படிவங்கள், எத்துணை சான்றிதழ்கள்! மூன்று மாதங்களுக்கோ ஓராண்டுக்கோ முன்கூட்டியே பணம் செலுத்திச் சான்றிதழ் பெற்றால் செலவு குறையும் என்பது அங்குள்ளோர்க்குக் கூறப்படும் சிக்கன வழி. விலக்களிக்கப்படும் நோய்களின் பட்டியல் 1968இல் வகுக்கப்பட்டது. புற்றுநோய் அதிற் சேர்வதற்கு 2009வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருந்து உட்கொள்ளும் நீரிழிவு நோயாளிக்கு விலக்குண்டு. வாழ்நாள் முழுவதும் மூச்சுக்காகப் போராடும் ஆஸ்துமா நோயாளிக்கு அந்நோயின் பேரில் விலக்கில்லை. கட்டணம் என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டபின், நோய்களுக்கிடையே சாதி வகுப்பது தவிர்க்க முடியாததாகிறது.

அவ்வாறாயின் உண்மையான சிக்கனம் எங்கே இருக்கிறது? அது மருந்தின் பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் விஞ்ஞான உலகம் ஏற்றுக்கொண்ட பொதுப்பெயர் ஒன்றுண்டு. அதனை விற்கும் கம்பனி தனக்கெனச் சூட்டும் வணிகப்பெயர் மற்றொன்று. பரசிற்றமோல் என்பது பொதுப்பெயர். பனடோல் என்பது வணிகப்பெயர். இலங்கையில் தலைவலி வந்தவன் பரசிற்றமோல் கேட்பதில்லை, பனடோல்தான் கேட்கிறான். ஒரு கம்பனியின் பெயர்ப்பலகை பொருளின் பெயராகவே மக்கள் நாவில் குடியேறிவிட்டது. இதனிலும் பெரிய விளம்பர வெற்றி வேறென்ன? பரசிற்றமோல் மலிவான பொருளாதலின் இங்கு நட்டம் சிறிது. நீரிழிவுக்கும், இருதய நோய்க்கும், வலிப்புக்கும் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளும் மருந்துகளில் இதே பெயர் மாற்றம் நிகழும்போது நட்டம் சிறிதன்று. ஒரே இரசாயனப் பொருள், ஒரே அளவு; பெட்டியும் பெயரும் மாறியதால் விலை பலமடங்கு வேறுபடுகிறது. நோயாளி கொடுக்கும் மேலதிகப் பணம் பெட்டிக்கும், விளம்பரத்துக்கும், வைத்தியரின் வாசலிற் காத்திருக்கும் கம்பனிப் பிரதிநிதியின் கைப்பைக்கும் போய்ச் சேருகிறது.

இந்த உண்மையை இந்நாடு பிறநாட்டாரிடமிருந்து கற்க வேண்டியிருக்கவில்லை. உலகுக்கு அதனைக் கற்பித்தவரே இந்நாட்டவர்தான். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியற் பேராசிரியராகவும், பேராதனை மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதியாகவும் விளங்கிய சேனக பிபிலே, அரசாங்க வைத்தியசாலைகளுக்குரிய மருந்துப் பட்டியலை உருவாக்கும் பணியில் 1950களின் இறுதியிலேயே முன்னின்றார். 1971இல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து மருந்து முகாமை பற்றிய அறிக்கையை அரசுக்குச் சமர்ப்பித்தார். அவ்வாண்டே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, அவர் அதன் முதல் தலைவரானார். தனியார் துறையில் இறக்குமதியான ஏறக்குறைய 2,100 மருந்துகள், நிபுணர் குழுவின் ஆய்வின்பின் ஏறக்குறைய 600ஆகக் குறைக்கப்பட்டன. கழிக்கப்பட்டவை ஒரே மருந்தின் வெவ்வேறு பெயர்களும், பயனற்ற கலவைகளும், பயனினும் தீங்கு மிகுந்தவையும் ஆகும். இறக்குமதி படிப்படியாகக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி, தரம் பார்த்து, மொத்தமாக வாங்கப்பட்டது. தாய்க்கம்பனியிடமிருந்தே உயர்ந்த விலைக்கு மூலப்பொருள் வாங்கி, அவ்வழியே இலாபத்தை நாட்டுக்கு வெளியே கடத்தும் பல்தேசியக் கம்பனிகளின் உபாயமும் அப்போது அம்பலமாயிற்று. பொருளியலாளர் சஞ்சய லாலுடன் சேர்ந்து பிபிலே எழுதி 1977இல் வெளியான ஆய்வுக் கட்டுரை இவ்வரலாற்றை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

கம்பனிகள் கைகட்டி நிற்கவில்லை. கூட்டுத்தாபனம் குறைந்த விலையில் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு இங்குள்ள தொழிற்சாலையில் றெற்றாசைக்கிளின் தயாரிக்குமாறு கேட்டபோது பைசர் கம்பனி இணங்கவில்லை. நாட்டில் வாந்திபேதி பரவி, அம்மருந்து அவசரமாகத் தேவைப்பட்ட 1974ஆம் ஆண்டு அது. இயந்திரங்கள் இருந்தன, மூலப்பொருள் இருந்தது, தொழிலாளர் இருந்தனர். கம்பனியின் விருப்பம் மட்டும் இருக்கவில்லை. மருந்தை வெளிநாட்டிலிருந்து அதிக செலவில் விமானமூலம் தருவிக்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தபோது அமெரிக்கத் தூதுவரே பிரதமரிடம் தலையிட்டார். யோசனை கிடப்பிற் போடப்பட்டது. உணவுக்கே அந்நியச் செலாவணியின்றித் தவித்த ஒரு சிறு நாடு அவ்வேளை எதிர்கொண்ட அழுத்தம் எத்தகையது என்பதை ஊகித்தறிதல் கடினமன்று. மருந்தின் விலை பாமசியின் மேசையிலே தீர்மானிக்கப்படுவதாக எண்ணுவோர் இச்சம்பவத்தை ஒருமுறை சிந்தித்தல் நன்று.

1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. தனியார் இறக்குமதிக்குக் கதவு மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில், பிறநாடுகளுக்கு மருந்துக் கொள்கை பற்றி ஆலோசனை வழங்கும் ஐக்கிய நாடுகள் பணியிலிருந்த பிபிலே கயானாவில் காலமானார். அதே 1977இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது. சொந்த மண் கைவிட்ட கருத்தை உலகம் கையேற்றது. 1982இல் பங்களாதேஷ் அதே வழியிற் சென்று, 1,700 வரையிலான தேவையற்ற மருந்துகளைச் சந்தையிலிருந்து அகற்றியது. உள்நாட்டு மருந்துக் கைத்தொழிலையும் வளர்த்துக்கொண்டது. இங்கோ 1987இல் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டதாயினும், தேசிய மருந்துக் கொள்கையை அமைச்சரவை ஏற்க 2005வரை சென்றது. அதற்குச் சட்டவலு அளிக்கும் 5ஆம் இலக்கச் சட்டம் 2015இலேயே நிறைவேறியது. 48 மருந்துகளுக்கு உச்சவிலை விதிக்க 2016 ஒக்ரோபர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள்! அவ்விடைக்காலத்தில் நோயாளர் செலுத்திய மேலதிக விலையைக் கணக்கிடுவோர் எவருமிலர்.

இக்கொள்கைக்கு எதிராக மூன்று ஆட்சேபங்கள் கூறப்படுவதுண்டு. முதலாவது, வைத்தியரின் சுதந்திரம் பறிபோகிறது என்பது. காலையில் அரசாங்க வைத்தியசாலையில் பொதுப்பெயரில் எழுதும் அதே வைத்தியர், மாலையில் தனியார் நிலையத்தில் வணிகப்பெயரில் எழுதுகிறார். காலையில் எழுதிய மருந்து நோயைத் தீர்க்காதெனில் அவர் காலையில் எழுதியது குற்றம். தீர்க்குமெனில் மாலையில் எழுதியதற்கு விளக்கம் வேண்டும். நோய்க்கு எம்மருந்து என்று தீர்மானிப்பது வைத்தியரின் சுதந்திரம். எக்கம்பனியின் பெட்டி என்று தீர்மானிப்பது அச்சுதந்திரத்தின் பகுதியாகாது.

இரண்டாவது, ஆராய்ச்சிச் செலவு. புதிய மருந்தைக் கண்டறிவதற்குப் பெருஞ்செலவாகும் என்பது மெய்யே. ஆயின் இந்நாட்டு மக்கள் நாளாந்தம் உட்கொள்ளும் மருந்துகளிற் பெரும்பாலானவற்றின் ஆக்கவுரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. முடிந்த கடனுக்கு வட்டி கேட்பது எவ்வகை நீதி? ஆக்கவுரிமை உள்ள மருந்துகளிலும் விலைக்கும் செலவுக்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்குரியது. எயிட்ஸ் நோய்க்கான மும்மருந்துச் சிகிச்சை ஆண்டொன்றுக்கு 10,000 டொலருக்கு மேல் விற்கப்பட்ட காலத்தில், 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதனை ஏறக்குறைய 350 டொலருக்குத் தர முன்வந்தது. ஆபிரிக்காவில் இலட்சக்கணக்கான உயிர்கள் இடையிலிருந்த அவ்விலை வேறுபாட்டுக்குள் அடங்கியிருந்தன.

மூன்றாவது ஆட்சேபம் தரம் பற்றியது, இதுவே கனமானது. மலிவான மருந்து தரமற்றதாக இருந்தால் அதைவிடக் கொடிய விரயம் வேறில்லை. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் அரச வைத்தியசாலைகளுக்குள் புகுந்த விவகாரம் மக்கள் நெஞ்சை உலுக்கியது. போலி ஆவணங்கள் பயன்படுத்தப்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியிற் கைதுசெய்யப்பட்டார். இதனை எடுத்துக்காட்டிப் பொதுப்பெயர்க் கொள்கையே பிழையென வாதிடுவோர் உளர். ஆனால் அங்கு தவறியது பெயரன்று. கொள்வனவும் மேற்பார்வையும் தவறின. நெருக்கடியைக் காரணங்காட்டிப் பதிவு முறையையும் கேள்விப்பத்திர முறையையும் சுற்றிச் செல்ல இடமளித்தால் எப்பெயரில் வந்தாலும் நஞ்சு நஞ்சே. தரத்துக்கு உத்தரவாதம் ஆய்வுகூடமும், ஊழலற்ற ஒழுங்குபடுத்தல் அதிகார சபையுமே. வலிப்புக்குரிய பெனிற்றோயின், குருதி உறைவைத் தடுக்கும் வார்பரின் போன்ற சில மருந்துகளில் உற்பத்தியாளரை மாற்றும்போது வைத்தியரின் கண்காணிப்புத் தேவை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அச்சில மருந்துகளின் விதிவிலக்கை ஏனைய மருந்துகள் அனைத்துக்கும் விதியாக்குவது அறிவியலாகாது.

உச்சவிலை மாத்திரம் போதும் என நம்பியோர்க்கு 2022 கசப்பான பாடம் புகட்டியது. ஆண்டின் தொடக்கத்தில் டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த நாணயம் சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டது. பழைய விலைக்கு இறக்குமதி செய்ய வணிகர் மறுத்தனர், உச்சவிலைகள் உயர்த்தப்பட்டன, அப்போதும் மருந்து போதவில்லை. சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. விலைக்கட்டுப்பாடு ஒரு கால். அரசின் மொத்தக் கொள்வனவு, உள்நாட்டு உற்பத்தி, சுருங்கிய மருந்துப் பட்டியல் ஆகியன மற்றைய கால்கள். ஒற்றைக்காலில் நிற்கும் மேசை முதற் காற்றிலேயே விழும். பிபிலே அமைத்தது நான்கு கால் மேசை என்பதை இந்நாடு காலம் கடந்தே உணர்ந்தது.

தமிழ் மக்களைப் பொறுத்தவரை இப்பிரச்சினைக்கு இன்னொரு முகமும் உண்டு. பெரும்பாலான நோயாளர்க்குத் தாம் உட்கொள்ளும் மருந்தின் பெயர் தெரியாது. துண்டு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. அவ்வெழுத்தோ ஆங்கிலம் கற்றோர்க்கும் விளங்குவதில்லை. பெயர் தெரியாதவன் அதன் மலிவான வடிவத்தை எவ்வாறு கேட்பான்? ஒரே மருந்தை இரு வைத்தியர் இரு வணிகப்பெயர்களில் எழுதினால், இரண்டையும் சேர்த்து விழுங்குவதைத் தவிர அவனுக்கு வழியேது? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். ஒன்றரை நூற்றாண்டின் பின்னர், ஒரு குளிசையை எப்போது உட்கொள்ள வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி ஒட்டுவதே பெருஞ்சாதனையாகக் கருதப்படுமாயின், கலைச்சொல்லாக்கம் பற்றிப் பல்கலைக்கழகங்களில் நிகழும் விவாதங்களாற் பயனென்ன?

ஆகவே சிக்கனம் போதிக்க விரும்புவோர் அதனைப் போதிக்கவேண்டிய இடங்கள் வேறு. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவான எழுத்தில் எழுதுமாறு வைத்தியருக்குப் போதிக்கட்டும். அப்பெயருக்குரிய மருந்துகளின் விலைகளைக் கேளாமலே கூறுமாறு பாமசிக்காரருக்குப் போதிக்கட்டும். ஒசுசல நிலையங்களை நகரங்களோடு நிறுத்தாது, மலையகத்துக்கும் வன்னிக்கும் கிழக்கின் கிராமங்களுக்கும் கொண்டு செல்லுமாறு அரசுக்குப் போதிக்கட்டும். மருத்துவ மாணவர் கம்பனிப் பிரதிநிதியிடமிருந்தன்றி மருந்தியற் பேராசிரியரிடமிருந்தே மருந்தைக் கற்குமாறு பல்கலைக்கழகங்களுக்குப் போதிக்கட்டும். நோயாளிக்குக் கூறவேண்டியவை மிகச் சிலவே: மருந்தின் பொதுப்பெயரைக் கேட்டறிக, எழுதியவை அனைத்தும் அவசியமா என வைத்தியரிடம் அஞ்சாது வினவுக, சத்துக்குளிசையும் தெம்பூட்டும் பானமும் பணத்துக்குத் தக்க பயன் தருமா எனச் சிந்திக்க, இயலாவிடின் மலிவான மாற்றைக் கேட்க, ஆனால் அவசியமான மருந்தின் அளவை ஒருபோதும் தானாகக் குறைக்கற்க.

ஐந்து நாளுக்கு மருந்து வாங்கிச் சென்ற மனிதன் ஆறாம் நாள் என்ன செய்வான் என்பதே இவ்விவாதத்தின் இறுதி வினா. இதற்குரிய விடையை இந்நாட்டின் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். அதனை நிறைவேற்றுவதற்கு வேண்டியது புதிய அறிவன்று, அரசியல் துணிவே.